பெரிய திரை வேண்டும்

நவம்பர் 4, செவ்வாய்

லேப்டாப் இன்று காலை செத்துவிட்டது. பவர் பட்டனை அமுக்கினால் உள்ளே விசிறி ஒரு சுற்று சுற்றுகிறது, பிறகு பேச்சுமூச்சில்லை. வீட்டுக்காரர் ஆல்வின் அதைத் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்கு எடுத்துப்போய்க் காட்டினார். மதர்போர்டு போய்விட்டதாம். பழுது பார்ப்பது வீண் என்று சொல்லிவிட்டார்களாம்.

சென்னை ஆபீசுக்குப் போன் செய்தேன். வைத்தீஸ்வரி என் டீம் லீடர். என்னைவிட எட்டு வயது சின்னவள், கெட்டிக்காரி.

"எப்சிபா, ஆபீஸ் கணக்குலயே புதுசு வாங்கிக்கலாம். எந்த மாடல்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க, நான் அப்ரூவல் வாங்கித் தரேன். ஆனா சீக்கிரம். டிசம்பர் பத்தாம் தேதி பொங்கல் புக்கிங் திறக்குது, ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இல்லாமல் என்ன? பதினோரு வருடமாக அந்த டேட்டாபேஸை வளர்த்தவள் நான். தனியார் பேருந்துகள் பலவற்றுக்கு எங்கள் நிறுவனத்தின் மென்பொருள் வழியாகத்தான் டிக்கெட் விற்கிறது. எந்தப் பேருந்து, எந்த இருக்கை, யார் பெயரில் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. பொங்கல் புக்கிங் திறக்கும் காலையில் தமிழ்நாடே வந்து ஒரே கதவில் முட்டும். கதவு அடைத்துக்கொள்ளக் கூடாது. ஒரே இருக்கை இரண்டு பேருக்குப் போய்விடவும் கூடாது. பாளையங்கோட்டையில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துகொண்டு அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேலை இல்லாமல் கை பரபரக்கிறது. ஆல்வின் வேலை பார்க்கும் மருந்து ஏஜென்சி கொடுத்த டைரி வெறுமையாகக் கிடந்தது, எடுத்து எழுதுகிறேன். கோடுகளை மிக மெல்லிசாக அச்சடித்திருக்கிறார்கள். கோட்டின் மேல்தான் எழுதுகிறேனா என்று தெரியவில்லை.

எனக்கு ரேம் தாராளமாக வேண்டும். புக்கிங் விவரங்களின் நகல் ஒன்றை என் இயந்திரத்திலேயே ஏற்றி ஓட்டிப் பார்த்தால்தான் எங்கே இழுக்கிறது என்று தெரியும். வேகமான எஸ்எஸ்டி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் திரை பெரிதாக வேண்டும். பதினேழு அங்குலத்துக்குக் குறைந்து எதையும் பார்ப்பதாக இல்லை.

நவம்பர் 6, வியாழன்

நாள் முழுவதும் மழை. ஆல்வினின் சின்ன லேப்டாப்பில் வேலை. அதில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆல்வின் மாடிப்படி விளிம்புகளுக்கெல்லாம் மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கிறார். ஏஜென்சி குடோனில் மிஞ்சியதாம், கெட்டுப்போகுமுன் அடித்தாராம். வீட்டுக்குள் மஞ்சள் படி யாராவது வைப்பார்களா? குளியலறை வாளியும் இப்போதெல்லாம் சுவரோரம் ஒரே இடத்தில் இருக்கிறது. திருமணமான நாளிலிருந்து நான் கத்திக் கத்தி நடக்காதது இப்போது எப்படி நடக்கிறதோ!

நவம்பர் 8, சனி

வண்ணார்பேட்டைக் கடைக்குப் போனேன். ஆட்டோவில்தான். ஜூலையிலிருந்து ஸ்கூட்டரைத் தொடுவதில்லை. அதன் சத்தம் பிடிக்கவில்லை.

கடையைப் பார்த்துக்கொள்பவர் பெயர் மீரான். நாற்பது வயது இருக்கலாம், மேலப்பாளையத்துக்காரர். பொறுமைசாலி. பதினேழு அங்குலத்தில் இருந்த எல்லாவற்றையும் மேஜைமேல் வரிசையாகத் திறந்து வைத்தார்.

"இதுல வெளிச்சம் இன்னும் கூடாதா?"

"இதான் முழு வெளிச்சம், அக்கா."

"மவுஸ் சரியில்ல. அம்புக்குறி எங்கன போச்சுன்னே தெரியல."

"இங்கனதான் இருக்கு, அக்கா. வலது மூலையில."

தலையை வலதுபக்கம் திருப்பினால் இடதுபக்கம் இருந்தது காணாமல் போகிறது. மறுபடி இடது, மறுபடி வலது. மீரான் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. பேங்க்ல வேலை பாக்குற ஒரு அக்கா எங்ககிட்டதான் லேப்டாப் எடுத்தாவ. அவங்களுக்குக் கண்ணு தெரியாது. எல்லா வேலையும் செய்யுதாவ. நீங்க அவங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"எனக்கு என்னன்னு நினைச்சீங்க? கண்ணாடிப் பவர் மாத்தணும், அவ்வளவுதான்."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மழைக்காக ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தார்கள். நெற்றியில் பட்டது. பாதி இறக்கிய ஷட்டரின் கீழே யார் வியாபாரம் செய்வார்கள்?

நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. நெற்றி வீங்கியிருக்கிறது. ஆல்வின் ஐஸ் வைத்தார், எப்படிப் பட்டது என்று கேட்கவே இல்லை.

நவம்பர் 12, புதன்

சோதனை சர்வர் நின்றுவிட்டது. அதன் டிஸ்க்கில் இடம் நிரம்பிவிட்டது. நிரம்பப்போகிறது என்று காலையிலிருந்தே திரையின் மேல் மூலையில் சிவப்பாக எச்சரிக்கை வந்துகொண்டிருந்ததாம். நாலு மணி நேரம். நான் அதே திரையின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

"சோதனை சர்வர்தானே, பரவாயில்ல," என்றாள் வைத்தீஸ்வரி. "ஆனா நீங்க இப்படி விடமாட்டீங்களே, எப்சிபா. உடம்புக்கு ஏதும் இல்லையே?"

"சின்ன லேப்டாப்பு, வைத்தி. அதான்."

போனை வைத்ததும் டைரியை எடுத்தேன். இந்த டைரியில் பொய் எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்? எழுதிவிடுகிறேன்.

ஜூலையில் கண் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். விழித்திரை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறதாம். பிறவியிலேயே இருந்த கோளாறு, நாற்பதைத் தாண்டி வேகமெடுத்திருக்கிறது. நேராகப் பார்ப்பது தெரிகிறது. சுற்றிலும் இல்லை. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல. அந்தக் குழாயும் சிறுத்துக்கொண்டே வரும். நிறுத்த மருந்து கிடையாது. ஐந்து வருடமோ பதினைந்தோ, டாக்டரால் சொல்ல முடியவில்லை. நல்ல பெண்பிள்ளை அந்த டாக்டர். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் கையை உருவிக்கொண்டு, ரசீதை வாங்கிக்கொண்டு, ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு வழியில் ஒரு ஆட்டுக்குட்டியின்மேல் ஏற்ற இருந்தேன். அதற்கப்புறம்தான் சாவியைத் தொடவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. ஆல்வினிடமும்.

நவம்பர் 13, வியாழன்

மீரானுக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுக்குமுன் அவரே, "நம்பர் அனுப்புதேன், அக்கா," என்றார்.

நவம்பர் 15, சனி

பேச்சியம்மாள், பெருமாள்புரம். வங்கியில் அதிகாரி. வயது என்னைவிட ஒன்றிரண்டு கூட இருக்கும். கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி:

"லைட்டு போடணுமா? எனக்குத் தேவைப்படாது, அதான் கேக்கேன்."

"போடுங்க."

"அப்ப கொஞ்சம் தெரியும். எவ்வளவு தெரியும்?"

இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்கும்படி நான் விட்டதும் இல்லை. குழாய் விஷயத்தைச் சொன்னேன். பெரிய திரை தேடுவதையும் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"குழாய்க்குள்ள இருந்து பாக்குறவங்களுக்குப் பெரிய திரை எதுக்குங்க? மைதானத்துல ஊசி தேடுத மாதிரில்லா இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவள் சொன்னது சரி. திரை பெரிதாக ஆக, நான் தேட வேண்டிய இடமும் பெரிதாகிறது. இந்தக் கணக்கு பத்து நாளாக என் மண்டையில் ஏறவில்லை.

தன் லேப்டாப்பைத் திறந்தாள். திரை கருப்பாகவே இருந்தது, விரல்கள் ஓட ஆரம்பித்தன. இயந்திரம் பேசியது. பேச்சா அது? தகர டப்பாவில் மழை பெய்வதுபோல் இருந்தது.

"இது என்ன பாஷை?"

"தமிழும் இங்கிலீஷும்தான். என் வேகத்துல வச்சிருக்கேன். உங்க காது இப்பதான் தவழுது, நடக்க ரெண்டு மாசம் ஆகும்."

"எனக்கு ரெண்டு மாசம் இல்ல. டிசம்பர் பத்துதான்."

"அப்ப ஓடிப் பழகுங்க," என்றாள்.

பிறகு என் கையை எடுத்துத் தன் கீபோர்டின்மேல் வைத்தாள். திரையில் இருப்பதை வாசிக்கும் மென்பொருளுக்குக் கட்டளை கொடுப்பது முழுக்க விசைகளால்தான். எண்கள் வலதுபக்கம் தனியாக இருக்கவேண்டும். இன்சர்ட் விசை வேறொன்றோடு ஒட்டிப் பிறந்ததாக இருக்கக் கூடாது. அம்புக்குறி நாலும் முழு அளவில், ஒன்றை ஒன்று இடிக்காமல் இருக்கவேண்டும். விசை அழுந்தினால் விரலுக்குத் தெரியவேண்டும். இயர்போன் துளை அவசியம். ப்ளூடூத்தில் குரல் அரைநொடி பிந்தி வரும், அந்த அரைநொடியில் கை வேறெங்கோ போயிருக்கும்.

"டேட்டாபேஸ் வேலைன்னா எழுத்துதானே?" என்று கேட்டாள். "படம் கிடையாதே?"

யோசித்துப் பார்த்தேன். கேள்வியை எழுத்தில் கேட்கிறோம், பதில் எழுத்தில் வருகிறது. நடுவில் இருக்கும் பொத்தான்களும் வண்ணப் பெட்டிகளும் சில வருடங்களுக்கு முன் வந்து ஒட்டிக்கொண்டவை.

"எழுத்துதான்," என்றேன்.

"அப்பறம் என்ன? குழாய் இருக்கும்போதே கத்துக்கிடுங்க. சந்தேகம் வந்தா கண்ணால சரிபாத்துக்கிடலாம். எனக்கு அந்தச் சவுகரியம் இருந்ததில்ல."

நவம்பர் 17, திங்கள்

மீரான் கடை. இந்த முறை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு லேப்டாப்பிலும் ஒரே வரியைத் தட்டினேன். நான் அன்றாடம் எழுதும் கேள்விதான்: இந்தத் தேதியில் இந்தப் பேருந்தில் காலி இருக்கைகள் எவை? கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும்.

மெல்லிசாக, அழகாக இருந்தவை எல்லாம் கழிந்துபோயின. பலகையில் விரல் தட்டுவதுபோல் இருந்தன. ஒன்றில் பவர் பட்டன் டெலீட் விசைக்குப் பக்கத்திலேயே இருந்தது. இதை வடிவமைத்தவனை நேரில் பார்க்கவேண்டும். கடைசியில் மீரான் உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து வந்தார். "இது அவ்வளவா விக்காத மாடல், அக்கா. பாக்க செங்கல் மாதிரி இருக்கும். ஆபீஸ்காரங்க மட்டும்தான் கேப்பாவ."

பதினைந்து அங்குலம். கனம். விசைகள் ஆழமாக இறங்கி விரலைத் திருப்பித் தள்ளின. எண்கள் தனியே, அம்புகள் தனியே. பக்கவாட்டில் இணையக் கம்பி செருகத் துளை. ரேமை முப்பத்திரண்டாக ஏற்றிக்கொள்ளலாம் என்றார்.

"திரை எப்படி இருக்கு, அக்கா?"

"நான் இன்னும் பாக்கவே இல்லையே," என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம். மாடல் எண்ணை அங்கிருந்தே வைத்தீஸ்வரிக்கு அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்ததும், அந்தத் தைரியம் ஆறுவதற்குள், டீ குடித்துக்கொண்டிருந்த ஆல்வினின் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். எனக்குக் கண்ணு..."

"ம்."

"என்ன ம்?"

"ஆகஸ்ட்ல ஆஸ்பத்திரியிலருந்து எனக்குப் போன் வந்துச்சுட்டி. நீ மறுபடி செக்கப்புக்கு வரலையாம். உன் நம்பருக்கு அடிச்சா எடுக்கலையாம்."

"மூணு மாசமா தெரிஞ்சுமா வாயத் தொறக்காம இருந்தீங்க?"

"நீயா சொல்லட்டும்னு இருந்தேன்."

"நான் சொல்லவே இல்லன்னா?"

"படிக்குப் பெயிண்ட் அடிச்சிக்கிட்டே இருந்திருப்பேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அழவில்லை. அவர்தான் அழுதார். ஆறிப்போன டீயை அடுப்பில் வைத்துச் சூடாக்கிக் கொடுத்தேன். அடுத்த மாதம் செக்கப்புக்கு இருவரும் போகிறோம்.

நவம்பர் 20, வியாழன்

செங்கல் வந்துவிட்டது. திரைவாசிப்பு மென்பொருளைப் போட்டேன். காதுக்குள் ஒருவன் ஓயாமல் பேசுகிறான். புள்ளி, கமா, அடைப்புக்குறி எதையும் விடமாட்டேன் என்கிறான். தலைவலி.

நவம்பர் 22, சனி

மீன்குழம்பில் இரண்டு தடவை உப்பு. ஒரு காதில் இயர்போனோடு சமைத்தால் அப்படித்தான் ஆகும்.

ஒரு நல்ல சேதி: விவரங்களை அகலவாக்கில் பத்தியாகக் கேட்டால் எது எந்தத் தலைப்புக்குக் கீழே என்று புரிவதில்லை. நெடுக்காகக் கேட்டால் புரிகிறது. பெயர் இது, ஊர் இது, இருக்கை இது என்று ஒவ்வொன்றாக வருகிறது. கட்டளையின் கடைசியில் ஓர் எழுத்தை மாற்றினால் போதும். இத்தனை வருடம் அந்த வசதி அங்கேயேதான் இருந்திருக்கிறது.

நவம்பர் 24, திங்கள்

வைத்தீஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எப்சிபா, மனுஷியா என்ன சொல்றதுன்னு தெரியல. லீடரா..."

"லீடராவே சொல்லுங்க, வைத்தி."

"லைவ் சர்வர்ல நீங்க ஒரு வரிய மாத்திக் கேட்டுட்டா, ஊருக்குப் போற ஜனங்க கைக்குழந்தையோட பஸ் ஸ்டாண்ட்ல நிப்பாங்க. மேல கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்? டாகுமெண்டேஷன் பக்கம் மாத்தித் தரேன். உங்க கிரேடு அப்படியே இருக்கும்."

அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

"மாத்த வேண்டாம். புதுசா சேர்றவங்களுக்கு என்ன ஒத்திகை வைப்பீங்களோ, அதையே எனக்கும் வைங்க. டேட்டாபேஸ அழிச்சிட்டு பேக்கப்புலருந்து மீட்கணும், ஒரு மணி நேரம். தேறலன்னா நானே விலகிக்கிடுதேன்."

"சலுகை தரமாட்டேன்."

"கேக்கவும் இல்ல."

ஒத்திகை டிசம்பர் இரண்டாம் தேதி.

நவம்பர் 28, வெள்ளி

பேச்சியம்மாள் தினமும் போன் செய்து அதட்டுகிறாள். இன்று ஆல்வினை வைத்துக்கொண்டு பழகினேன். திரையின்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இது புதிது.

டிசம்பர் 2, செவ்வாய்

தோற்றுவிட்டேன்.

பிழை ஒன்றும் செய்யவில்லை. மீட்பு ஓட ஆரம்பித்ததும் ஒவ்வொரு அட்டவணைக்கும் ஒரு வரி வந்தது. குரல் அத்தனையையும் வாசித்தது. நடுவே எது பிழை, எது வெறும் தகவல் என்று பிரிக்க முடியாமல் திரும்பத் திரும்ப மேலே போய்க் கேட்டேன். நேரம் முடிந்தபோது முக்கால்வாசிதான் ஆகியிருந்தது.

வைத்தீஸ்வரி மெதுவாக, "எப்சிபா..." என்றாள்.

"இன்னொரு தடவை வைங்க. சனிக்கிழமை."

"யாருக்கும் ரெண்டாவது தடவை வச்சதில்லைங்க."

"யாராவது கேட்டிருக்காங்களா?"

"இல்ல," என்றாள். பிறகு, "சனிக்கிழமை பதினோரு மணி."

விலகிக்கொள்கிறேன் என்று சொன்னது நான்தான். சொன்ன சொல்லை மீறுகிறேன் என்று தெரிந்துதான் கேட்டேன்.

டிசம்பர் 4, வியாழன்

தப்பு காதில் இல்லை. கண்ணுக்காகச் செய்த ஏற்பாட்டைக் காதில் திணித்தேன். நேற்றும் இன்றும் உட்கார்ந்து சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட், கட்டளைத் தொகுப்பு, எழுதினேன். தகவல் வரிகள் எல்லாம் தனியாக ஒரு கோப்புக்குப் போய்விடும். பிழை வந்தால் மட்டும் குரல் வாசிக்கும். வேலை முடிந்தால் ஒரு மணி ஒலிக்கும். அது நாலு வரிதான், ஆனால் அதை எழுத வேண்டும் என்று புரிய ஒரு தோல்வி வேண்டியிருந்தது.

அழிக்கும் கட்டளை எதுவாக இருந்தாலும், அதற்கு முன் சர்வரின் பெயரைக் கேட்டு, எழுத்து எழுத்தாக வாசிக்க வைப்பது என்று ஒரு விதியும் போட்டுக்கொண்டேன். அவசரமானாலும் சரி.

டிசம்பர் 6, சனி

பதினோரு மணிக்கு ஆரம்பித்தோம். சர்வரின் பெயரைக் கேட்டேன். எழுத்து எழுத்தாக வந்தது, சோதனை சர்வர்தான். அழித்தேன். மீட்பைத் தொடங்கிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன். காதுக்குள் அமைதி. அந்த அமைதிதான் பயங்கரம். ஒருமுறை குரல் வந்தது, ஒரு பயனருக்கு அனுமதி இல்லை என்று. சரிசெய்தேன். மறுபடி அமைதி. மணி ஒலித்தது.

முடிந்தது என்று மூச்சு விடப்போனேன். வைத்தீஸ்வரி, "இப்போ காலி இருக்கை தேடிப் பாருங்க," என்றாள்.

தேடினேன். பதில் வரவில்லை. வருகிறது, ஆனால் இழுத்துக்கொண்டு வருகிறது. பேக்கப்பில் அவள் வேண்டுமென்றே எதையோ கெடுத்து வைத்திருக்கிறாள். சலுகை இல்லை என்றாளே! கேள்வி எந்த வழியாகப் போகிறது என்று எழுத்தில் கேட்டேன். குரல் வாசித்தது. பயண அட்டவணையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் புரட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் எந்தத் தேதி எங்கே என்று காட்டும் இண்டெக்ஸ் இல்லை. உருவாக்கினேன். மறுபடி தேடினேன். விசையிலிருந்து விரலை எடுக்குமுன் பதில் வந்துவிட்டது.

"நேரம் மிச்சம் இருக்கு," என்றாள் வைத்தீஸ்வரி. "அந்த ஸ்கிரிப்ட எனக்கும் அனுப்புங்க. அந்த வரிகளை எல்லாம் வாசிச்சு எனக்கே கண்ணு வலிக்குது." பிறகு அவளே பதறி, "ஐயோ, சாரி எப்சிபா," என்றாள்.

"கண்ணு வலின்னா கண்ணு வலிதானே, வைத்தி. அனுப்புதேன்."

புதன்கிழமை லைவ் சர்வர் என் பொறுப்பு. கூடவே அவளும் கவனிப்பாள், எனக்கு மட்டுமில்லை, இனி யார் உட்கார்ந்தாலும் இரண்டாவது ஆள் ஒருவர் உண்டு என்று முடிவாகியிருக்கிறது. அது எப்போதோ செய்திருக்க வேண்டியது.

டிசம்பர் 9, செவ்வாய்

செக்கப். குழாய் இன்னும் கொஞ்சம் சிறுத்திருக்கிறது. டாக்டர் கையைப் பிடித்தாள். இந்த முறை உருவிக்கொள்ளவில்லை.

டிசம்பர் 10, புதன்

எட்டு மணிக்குத் திறந்தது. முதல் சில நிமிடங்கள் வெள்ளம். ஒருமுறை இரண்டு பேர் ஒரே இருக்கைக்கு ஒரே நேரத்தில் கைநீட்ட, டேட்டாபேஸ் ஒருவரைப் பிடித்து நிறுத்தி மற்றவருக்குக் கொடுத்தது. அதுதான் அதன் வேலை. இன்னொருமுறை வரிசை நீண்டுகொண்டே போனது. எதற்காகவோ ஒரு பழைய அறிக்கை நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பெயரைக் கேட்டு, எழுத்து எழுத்தாகக் கேட்டு, நிறுத்தினேன். வரிசை கலைந்தது. வைத்தீஸ்வரி, "பாத்தேன், சரி," என்றாள். அவ்வளவுதான்.

பத்து மணிக்குமேல் கொஞ்சம் அடங்கியது. ஆல்வின் வேலைக்குப் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தவர், டீயோடு உள்ளே வந்தார்.

"அவன் என்னட்டி சொல்லிக்கிட்டே இருக்கான், காலையிலருந்து?"

ஓர் இயர்போனைக் கழற்றி அவர் காதில் வைத்தேன். குரலின் வேகத்தைக் குறைத்தேன். கடைசியாகப் பதிவான இருக்கைகள், போய்ச்சேரும் ஊரோடு, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நாகர்கோவில். தென்காசி. திருநெல்வேலி. திருச்செந்தூர். திருநெல்வேலி. சங்கரன்கோவில். திருநெல்வேலி.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எல்லாவனும் ஊருக்கு வாரான் போல."

"ஆமா," என்றேன். "வாராங்க."

அம்புக்குறியை அமுக்கி அடுத்த வரிக்குப் போனேன்.